புகையேறிய கம்ப்யூட்டர்

பிரசவத்துக்கு முள்ளுக்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போன நான், ஐந்து மாதக் குழந்தையோடு மலையேறி வளப்பூர் நாட்டில் உள்ள புகுந்த வீட்டுக்குத் திரும்பியபோது, மேசையில் என் கம்ப்யூட்டர் இல்லை. அடுப்புக்கு நேர் மேலே, பரணில், சாக்குக்குள் கட்டிக் கிடந்தது.

"மழைக்கு ஊடெல்லாம் பூஞ்சக்காளான் கண்ணு. வெதச் சாமையவே அங்கதான வெக்கிறோம். ஈரம் அண்டாது," என்றார் மாமியார். பத்திரப்படுத்திக் கொடுத்துவிட்ட நிறைவு அவர் முகத்தில்.

நான் படித்த டைப்பிங் சென்டரில் கழித்துப் போட்டதை அப்பா வாங்கித் தந்தார். 386 ரகம். அப்போதே கிழடு. ஆனால் இப்போது அதை நம்பித்தான் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. அடிவாரத்தில் மிளகு மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், கடையை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கப்போகிறார். "மெஷினையும் கொண்டாங்கம்மா, பாடமும் நீங்களே எடுங்க. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஓடணும்," என்று சொல்லியிருந்தார். தினமும் பஸ்ஸில் இறங்கிப் போய், டீச்சர் என்று நாலு பேர் கூப்பிடக் கேட்கும் வேலை. எனக்கு அது வேண்டும். வெறியாக வேண்டும்.

மூடியைக் கழற்றியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. அடுப்புக்கரியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து தார் மாதிரி படிந்திருந்தன. அதன்மேல் எலிப்புழுக்கை. பவர் சப்ளைப் பெட்டிக்குள் சாக்கு நாரைக் கடித்து எலி கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள் அதிலேயே செத்துக் காய்ந்திருந்தன. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கரப்பான் முட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கொல்லைப்புறம் ஓடி வாந்தியெடுத்தேன்.

என் கணவர் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏம்புள்ள, எலிக்கெல்லாம் பாடம் எடுத்திருப்ப போல," என்று சிரித்தார். ஒரு குச்சியெடுத்து அந்தக் குஞ்சுகளைத் தள்ளிவிட அவருக்குக் கை வரவில்லை.

நானே தள்ளினேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்துப் போர்டை விரற்கடை விரற்கடையாகத் தேய்த்தேன். ஒவ்வொரு கீயாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால், தண்ணீரில் கரப்பான் கால்கள் மிதந்தன. எலி மூத்திரம் பவர் சப்ளையை அரித்துவிட்டிருந்தது. பாய் சேலத்திலிருந்து வேறொன்று வரவழைத்து, கூடவே பெரிய ஹார்ட் டிஸ்க்கும் மெமரியும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். வாரக்கணக்கில் என் கையில் அதே நாற்றம். சோறு பிசைந்தால் நாற்றம், குழந்தையைத் தூக்கினால் நாற்றம். என் கையே எனக்கு அசிங்கமாக இருந்தது.

மே மாதக் கடைசியில் அது உயிர் பெற்றது. கறுப்புத் திரையில் எண்கள் ஓடி, பழைய மெமரி, புதிய மெமரி எல்லாவற்றையும் எண்ணி முடித்து நின்றன. மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். துளி நாற்றமில்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்தைக் கையிலெடுத்ததும் மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது.

"நாத்தந்தான் போயிருச்சே கண்ணு. இன்னும் எதுக்கு ஓங்கரிக்கற?" என்ற மாமியார், சட்டென்று சிரித்தார். பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று நம்பியிருந்த மடச்சி நான். இத்தனை நாள் எடுத்த வாந்தியில் எது எலிக்கு, எது பிள்ளைக்கு என்று யாருக்குத் தெரியும்.

வீடே குதூகலித்தது. "வவுத்துப் புள்ளையோட அத்தன வளைவுல தெனமும் பஸ்ஸா? வேண்டாம் புள்ள," என்றார் கணவர். பிறகு யோசித்து, "பாய்கிட்டச் சொன்ன சொல்லு இருக்குதல்ல. மெஷினாச்சும் போவட்டும்," என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. மெஷினைப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் இறங்கினார்.

சாயங்காலம் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். செருப்பை வாசலில் விட்டு, "கீழ வேறொரு புள்ள ஒக்காந்து பாடம் எடுக்குது. மெஷினு அருமையா ஓடுதாம். பாய் உன்னைய ரொம்ப மெச்சுனாரு," என்றார்.

எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கொல்லைப்புறம் போக நேரமிருந்தது. போகவில்லை. அவர் பார்க்கப் பார்க்க, அந்தச் செருப்பிலேயே எடுத்தேன்.