ரிவால்வருக்கு நான் பின்னிய கயிறு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பனியன் ஊர் ராயபுரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரிக்கு ஒரு புது எஸ்.ஐ. வந்தார். இளவயது. மடிப்புக் கலையாத சட்டை. இடுப்பில் கருப்பாக ஒரு பிஸ்டல்.

அவ்வளவுதான்... கடையே பேச்சை நிறுத்திவிட்டது. பப்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் அப்படியே நின்றார். எஸ்.ஐ. டீயைக் குடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனதும் ஆளுக்கொரு கருத்து. "அது நயன் எம்.எம்முங்க. பதிமூணு குண்டு போடலாம்" என்றார் கல்லாவில் இருந்தவர். அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கிரிக்கெட்டைப் போலவே துப்பாக்கி விஷயத்திலும் நம் ஊரில் எல்லோரும் நிபுணர்கள்தான்.

எல்லோரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள். நான் அதைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு டீ இறங்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பத்தியில் என் அசட்டுத்தனங்கள் பலவற்றை எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இது சிரிக்கிற ரகம் இல்லை. இத்தனை வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டதற்கும் அதுதான் காரணம்.

என் பிழைப்பு பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி: நான் நாடா போடுகிறவன். டிராக் பேன்ட்டின் இடுப்பில், குல்லா வைத்த டி-ஷர்ட்டின் கழுத்தில் தொங்குமே ஒரு கயிறு... அது. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் எட்டு பின்னல் மெஷின். நம்மிடம் கட்டிங், தையல் எதுவும் கிடையாது. நூல் உள்ளே போகும், கயிறு வெளியே வரும்.

சில வருஷம் முன்பு அந்தப் பக்கம் ரோந்து வந்த எஸ்.ஐ. ஒருவர் எனக்கு நண்பர். வேலுச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். வெள்ளகோவில் பக்கத்துக்காரர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஐம்பதை நெருங்கும்போது எஸ்.ஐ. ஆனவர். என் யூனிட்டில் ஒரு மோட்டார் திருடு போனபோது அறிமுகம். மோட்டார் கிடைக்கவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அவர் வந்து டீ குடித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

அவர் இடுப்பில் இருந்தது பழைய ரிவால்வர். பாயிண்ட் த்ரீ எய்ட். தோலுறை வெளுத்து, ஓரமெல்லாம் பிரிந்திருக்கும். கூட இருக்கும் இளம் அதிகாரிகள் பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம்.

"ஏனுங்க, நீங்களும் ஒரு பிஸ்டல் வாங்கிக்கலாமல்லங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எதுக்குங்க மொதலாளி" என்று சிரித்தார். எட்டு மெஷின்காரனை முதலாளி என்று கூப்பிடுவது அவருக்கு ஒரு கேலி. "பிஸ்டலுன்னா மேகசின், ஸ்பிரிங்கு, சேஃப்டின்னு ஆயிரம் இருக்குதுங்க. தொடைக்காம உட்டா சிக்கிக்கும். இது அப்படியில்லீங்க. ஆறே ஆறு ரவுண்டு. ஒண்ணு வெடிக்கலைன்னா மறுக்கா அமுக்குனாப் போதும், அடுத்தது தானா சுத்தி வந்துரும்."

"பதிமூணு எங்க, ஆறு எங்கீங்க?"

"ஆறே சாஸ்திங்க. இன்னொண்ணு சொல்றனுங்க. நயன் எம்.எம். ஒருத்தன் ஒடம்புல பூந்து பொறகால நிக்கறவனையும் தொட்டுரும். நம்மூர்ல சாயங்காலம் கம்பெனி உட்டா ஒருத்தனுக்குப் பொறகால ஒம்பது பேர் நிக்கறாங்க. யாரைச் சுடறது?"

நியாயம்தானே? பெரிய துப்பாக்கியை ஏன் எடுத்துப் போவதில்லை என்றும் கேட்டேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும், கூட்டத்துக்குள் போகிறவனுக்கு ஒரு கையாவது சும்மா இருக்கோணும் என்றார். யாரையாவது தள்ள வேண்டியிருக்கும், யாரையாவது தூக்க வேண்டியிருக்கும்.

வருஷத்துக்கொருமுறை பயிற்சியில் அட்டையைச் சுட்டதைத் தவிர அவர் அதை வைத்து ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. "இதைச் சுடறதுக்குன்னு குடுக்கலீங்க. தொலையாம வெச்சுக்கறதுக்குக் குடுத்திருக்காங்க" என்பார். அவர் பயந்தது ரவுடிகளுக்கு இல்லை. காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கியதை மாலையில் திருப்பிக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் பயம். துப்பாக்கியைத் தொலைத்த போலீஸ்காரனுக்கு அப்புறம் ஏது வாழ்க்கை?

அதற்காகத்தான் அந்தக் கயிறு. லேன்யார்டு என்பார்கள். ஒரு முனை தோளில், மறு முனை கொக்கி வழியாகத் துப்பாக்கியின் கைப்பிடி வளையத்தில். யாராவது பிடுங்கினாலும், தானாக நழுவினாலும், துப்பாக்கி ஆளைவிட்டுப் போகாது. வேலுச்சாமியின் கயிறு நைந்து போயிருந்தது. புதிதுக்கு எழுதிப் போட்டு மாதக்கணக்காகிவிட்டது என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கயிற்றைக் காட்டி ஒரு நாடாக்காரனிடம் "கெடைக்க மாட்டேங்குதுங்க" என்றால்... எப்படிச் சும்மா இருப்பது? ரோஷம் வந்துவிட்டது. "குடுங்க, ஒரு மணி நேரத்துல போட்டுத் தர்றேன்" என்றேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆர்டரும் காக்கி நிறம். வெளிநாட்டுக் குழந்தைகளின் குல்லா சட்டைக்கான நாடா. மெஷினிலிருந்து நல்ல தடிமனாக ஒரு துண்டு எடுத்தேன். பழைய கயிற்றின் கொக்கியைக் கழற்றி, புதுக் கயிற்றின் நுனியை அதில் மடித்து, நாடாவை ஒட்டுத் தைக்க மட்டும் மூலையில் போட்டிருந்த ஒற்றை ஊசித் தையல் மெஷினில் வைத்து நானே நாலு தையல் போட்டேன். அதில் ஏறியிருந்த நூலும் காக்கி. மாற்றத் தோன்றவில்லை.

வேலுச்சாமி மரியாதைக்கு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "ஜம்முனு இருக்குதுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனிகள் விடுகிற மாலை நேரம். முதலிபாளையம் ரோட்டில் ஒரு லாரி, வேலை முடிந்து சைக்கிளில் போன பெண்ணை அடித்துவிட்டது. நிமிஷத்தில் ஆயிரம் பேர் கூடினார்கள். மறியல். கல் பறந்தது. வேலுச்சாமி இரண்டு கான்ஸ்டபிள்களோடு போனார். அந்தப் பெண் ரோட்டிலேயே கிடந்தாள். கூட்டம் லாரியை உடைப்பதில் மும்முரமாக இருந்ததே ஒழிய, அவளைத் தூக்க ஆளில்லை.

அவர் குனிந்து தூக்கினார். நாலாபக்கமும் நெருக்கினார்கள். யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தது போலிருந்ததாம், திரும்பிப் பார்க்க வழியில்லை. ஜீப்பில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் கை வைத்தபோது உறை காலி. தோளிலிருந்து கயிறு மட்டும் தொங்கியது, கொக்கியில்லாமல்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதற்கப்புறம் அதை யாருமே சொல்லவில்லை.

மறுநாள் காலை வேலுச்சாமி என் யூனிட்டுக்கு வந்தார். சீருடை இல்லை. கயிற்றை என் மேஜையில் வைத்தார். "நீங்க கயித்துத் தொழில்ல இருக்கறீங்க. பாத்துச் சொல்லுங்க. அறுந்ததுங்களா, அறுத்ததுங்களா? பெரிய ஆபீசரு அதைத்தான் கேக்கறாருங்க."

கயிறு அறவும் இல்லை, யாரும் அறுக்கவும் இல்லை. நுனியில் நாலு தையலும் சுத்தமாகப் பிரிந்திருந்தன. என் கண் மூலையிலிருந்த தையல் மெஷினுக்குப் போனது.

குழந்தைகளின் சட்டை நாடாவுக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நிபந்தனை வைப்பார். ஊஞ்சலிலோ பஸ் கதவிலோ நாடா மாட்டிக்கொண்டால் குழந்தையின் கழுத்து இறுகக் கூடாது, வேகமாக இழுத்தால் தையல் விட்டுவிட வேண்டும். அதற்கென்றே சொத்தையான ஒரு நூல் வரும். அந்த மெஷினில் மாதக்கணக்காக அந்த நூல்தான் ஏறியிருந்தது. நான்தான் ஏற்றினேன். விட்டுவிடுவதற்காகவே போடுகிற தையலை, விடவே கூடாத கயிற்றில் போட்டிருக்கிறேன்.

சொன்னேனா? இல்லை. "நூல் எப்படியோ விட்டுப்போச்சுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தேடினார்கள். சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடையை அடைத்து, சேற்றை வாரிப் பார்த்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். எடுத்தவன் வடக்கத்திக்காரனாகத்தான் இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வடக்கத்தி ஆட்கள் தங்கியிருந்த லைன் வீட்டிலிருந்து நாலு பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். அதில் ஒருவர் என் பக்கத்து யூனிட்டில் பேக்கிங் வேலை செய்தவர். "ஹம்கோ குச் நஹீ மாலூம் சேட்", எனக்கு ஒன்றும் தெரியாது முதலாளி என்று என்னிடம் வந்து சொன்னார், கேட்காமலேயே. வலது கை வீங்கியிருந்தது. எனக்கு எல்லாம் மாலூம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கே வேலுச்சாமியின் வீட்டுக்குப் போனேன். சஸ்பெண்ட் ஆகி வீட்டில் இருந்தார். நூல், நிபந்தனை, மெஷின்... ஒன்றுவிடாமல் சொன்னேன். விசாரணை அதிகாரியிடம் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

"வேண்டாமுங்க" என்றார் அவர். "சர்க்கார் கயித்தைக் கழட்டிப்போட்டு வெளிக்கயித்தை மாட்டுனேன்னா அது இன்னொரு சார்ஜுங்க. இருக்கறதே போதும். கயிறு மாட்ட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டனுங்க."

"நான் பண்ணுன தப்புங்க இது."

"மாட்டுனது நானுங்க." அதோடு முடித்துக்கொண்டு, உள்ளே திரும்பி, "காபி போடு" என்று மனைவியிடம் சொன்னார்.

உண்மையைச் சொல்லட்டுமா? அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தால், நெரிசலில் இழுபட்டாலே விட்டுவிடும் தையல் அது, யாரும் பறித்திருக்க வேண்டியதில்லை என்று விளக்கி, அந்த லைன் வீட்டுக்காரர்களை விட்டுவிடச் சொல்லி அவராவது தன் ஆட்களிடம் பேசியிருப்பார். நான் மூன்று நாள் கழித்து, சொன்னால் எந்தப் பிரயோஜனமும் இல்லாத நேரத்தில் சொன்னேன். நம்மில் பலருக்கு மனசாட்சி அப்போதுதானே விழிக்கிறது?

ஏழெட்டு மாதம் கழித்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். இன்கிரிமென்ட் வெட்டு, வேறு ஊருக்கு மாற்றல், இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு இல்லை. அதன் பிறகு அவருக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வருஷம் ரிட்டயர் ஆகி ஊருக்கே போய்விட்டார்.

ரிவால்வர் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு ரவுண்டோடு எங்கேயோ இருக்கிறது. சாக்கடைச் சேற்றிலா, யாருடைய பீரோவிலா... தெரியாது.

எங்கேயாவது துப்பாக்கிச்சூடு என்று பேப்பரில் வந்தால், அன்று காலை வெள்ளகோவிலிலிருந்து எனக்குப் போன் வரும். எந்த ஊர் என்று கேட்க மாட்டார், செத்தது யார் என்றும் கேட்க மாட்டார்.

"ஏனுங்க, ரிவால்வருங்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைக் கடைசி வரி வரை படிப்பேன். "இல்லீங்க. நாட்டுத் துப்பாக்கின்னு போட்டிருக்குது."

"சரிங்க" என்பார். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விடுவது கேட்கும். என்னுடையது அவருக்குக் கேட்கும்.

யாரோ ஒருவர் செத்துக் கிடக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகிறோம்.