சராசரியில் காணாமல் போன அதிர்வு

ஹெப்பாளில் ஒரு சிறிய பொறியியல் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலைக் கூரைக்கடியில் குளிர்காற்றைக் கொண்டுபோகும் பெரிய தகரக் குழாய்கள், மாட்டிய பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பொறுப்பு.

ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு அப்படி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். சத்தமே வராது என்று அறிக்கையும் எழுதினேன். குழாய் மாட்டிச் சில மாதங்களில் புகார் வந்தது. ஒரு தையல் வரிசையில் இருக்கும் பெண்களுக்கு ஓயாத தலைவலியாம்.

"சும்னே சொல்றாங்கம்மா. மீட்டர் வெச்சுப் பாத்துட்டு வந்துடு, ஃபைலை மூடிடலாம்" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர், கன்னடம் கலந்த தமிழில்.

போனேன். ஒலி அளக்கும் மீட்டர், சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருப்பதாகக் காட்டியது. "பாத்தீங்களா மேடம்? வேலைக்கு டிமிக்கி குடுக்க ஒரு சாக்கு" என்று அந்த வரிசையின் சூப்பர்வைசர் சிரித்தார். பெண்கள் தலை நிமிரவில்லை. ஒருத்தி மட்டும் மிஷினை நிறுத்தினாள். எல்லையோரத்தில் தமிழ் பேசும் ஹனூர்ப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். என் கையைப் பிடித்துத் தையல் மேஜைமேல் வைத்தாள்.

"மீட்டர உடுங்க, கைய வெச்சுப் பாருங்க. வூட்டுக்குப் போயிப் படுத்தாலும் தலைக்குள்ளாற இதேதானுங்க. நாங்க என்ன பொய்யா சொல்றோம்?"

மேஜை நடுங்கிக்கொண்டிருந்தது. ஏணி கேட்டு வாங்கி ஏறினேன். குழாய் சட்டென்று திரும்பும் முனைக்கு அடுத்த தட்டைத் தகடு, தொட்டால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தது. அதிலிருந்து வந்தது அடிக்குரல் உறுமல். மீட்டரை நான் வைத்திருந்த அமைப்பில் அந்த மாதிரித் தாழ்ந்த ஒலி பாதிக்கு மேல் கணக்கிலேயே சேராது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. வளைவில் வேகமாகத் திரும்பும் காற்று சுழல்களாக உடைகிறது. ஒவ்வொரு சுழலும் தகட்டை ஓங்கி அறைந்துவிட்டுப் போகிறது. நான் கணக்கிட்டதோ காற்றின் சராசரி ஓட்டத்தை. சராசரியில் அந்த அடிகள் ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்துவிடும். என் திரையில் தகடு ஆடாமல் இருந்தது அதனால்தான். கணத்துக்குக் கணம் கணக்கிட்டால் தெரிந்திருக்கும், ஆனால் அதற்குப் பல நாட்கள் ஆகும். முதல் கணக்கின்போதே அதற்கு நேரம் கேட்டேன். "சராசரி போதும்" என்றார் தலைவர். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. அந்த நீண்ட கணக்கை ஓடவிட்டேன். தகடு இயல்பாக எந்த வேகத்தில் அதிருமோ, ஏறத்தாழ அதே வேகத்தில் சுழல்கள் அதைத் தட்டிக்கொண்டிருந்தன. படங்களைத் தலைவரிடம் காட்டினேன்.

"இதை யாரு கேட்டா? மீட்டர் சரியா இருக்கு, புகாருக்கு ஆதாரம் இல்லைன்னு எழுது. அது பொய் இல்லையே?"

"மீட்டர் காட்டாததை அந்தம்மா காட்டினாங்க சார். அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கணக்கு முழுவதையும் தொழிற்சாலையின் பொறியாளருக்கு அனுப்பினேன், தலைவருக்கும் ஒரு பிரதி வைத்து. அதன்பிறகு இரண்டு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் அந்தத் தகட்டின் குறுக்கே இரும்புப் பட்டைகள் அடித்தார்கள். வளைவுக்குள் காற்றைச் சீராகத் திருப்பும் வளைந்த தகடுகளையும் பொருத்தினார்கள். மறுநாள் போய் மேஜையைத் தொட்டுப் பார்த்தேன். நடுக்கம் அடங்கியிருந்தது. பதிவேட்டில் "வழக்கமான பராமரிப்பு" என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் சொன்னது உண்மை என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஹனூர்க்காரியின் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அது ரொம்பப் பேசுதுன்னு பேக்கிங்குக்கு மாத்திட்டோம்" என்றார் சூப்பர்வைசர், மின்விசிறியை இடம் மாற்றியதைச் சொல்வதுபோல.

பேக்கிங் கொட்டகைக்குப் போனேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதிர்வு நின்னுடுச்சுக்கா. நீங்க சொன்னதுதான் சரி."

"அது எங்களுக்கு அப்பவே தெரியுமுங்களே" என்றாள், கையை நிறுத்தாமல். "அத எழுதிக் குடுங்க. கன்னடத்துல எழுதுங்க, எனக்குத் தமிழு படிக்க வராதுங்க."

அன்றே எழுதினேன். புகார் உண்மை, என் முதல் கணக்குதான் தவறு, புகார் சொன்னவரைப் பழைய இடத்துக்கே மாற்ற வேண்டும் என்று. நிர்வாகத்துக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நிர்வாகத்திடமிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அவள் தன் பிரதியைச் சாப்பாட்டு வேளையில், சூப்பர்வைசர் காதில் விழும்படி எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாளாம்.

இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள். எனக்கு மனசு ஆறவே இல்லை.