அக்காவின் கோடாலியும் நான் சொன்ன பொய்யும்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எழுதுகிறேன். நீளமாக எழுத வராது.

அக்கா ஜோலார்பேட்டைப் பக்கம் பிறந்தவர்கள். அப்பா ரயில்வேயில் கேங்மேன். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார்கள். எனக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, ஜுரம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அக்காதான். பதினெட்டு வயதில் கல்யாணம். மாமா ஐதராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தம்பியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று முதல் நாளே மாமாவிடம் சொல்லிவிட்டார்களாம். மாமா மறுக்கவில்லை. நல்ல மனிதர். மூன்று பேருமாக ஐதராபாத் வந்தோம்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருடத்தில் மாமா காய்ச்சலில் போனார். அதற்குள் நான் அதே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, அதாவது எடுபிடி ஆளாகச் சேர்ந்திருந்தேன். என் பெயரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்காவின் வேலை என்றால் எல்லோருக்கும் விறகுதான் ஞாபகம் வரும். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு. அதில் பெரிய அலுமினியக் குண்டான். சமையலுக்குக் கேஸ் இருந்தது. குளிக்கிற தண்ணீருக்குக் கேஸை எரிக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

அந்த வருடங்களில் எங்கள் லைனில் இருந்த பிள்ளைகள் மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார்கள். கார் வாங்கினார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று முற்றத்து மரங்களின் கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். விறகுக்கடைக்காரன் வருவான். வேம்பு, புளி இருந்தால் எடுத்துக்கொள்வான். குல்மொஹர், முருங்கை, பாதாம் இதையெல்லாம் காலால் தள்ளிவிட்டுப் போவான். அதை அக்கா இழுத்துக்கொண்டு வருவார்கள்.

மட்ட விறகுதான். ஆனாலும் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். குல்மொஹர் பற்றவைக்க மட்டும். காகிதம் மாதிரி எரிந்துவிடும். முருங்கை தண்ணீராக இருக்கும், ஒரு கோடை முழுக்க வெயிலில் கிடக்க வேண்டும். பாதாம் நின்று எரியும், ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் முறுக்கிக்கொண்டு கோடாலியைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஸ்கூட்டர் டயருக்குள் கட்டையை நிற்க வைத்து, கணு இல்லாத பக்கமாகப் பார்த்துப் போடுவார்கள். இரண்டு போடு. மூன்றாவது தேவைப்படாது.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மா கிண்டல் செய்வார்கள். "அக்கா, கோடாலியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க. எங்க வீட்டுக்காரரு பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கிறாரு."

"சாத்திக்கட்டும். அந்தக் கதவும் விறகுதான்" என்பார்கள் அக்கா.

இத்தனையும் எனக்காக. ஒர்க்‌ஷாப்பில் இருந்து உடம்பெல்லாம் கிரீஸோடு வருவேன். குண்டானில் வெந்நீர் தயாராக இருக்கும். எனக்குப் பச்சைத் தண்ணீர் போதும் என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"நக்கோ, அதெல்லாம் வேணாம். கிரீஸு பச்சத் தண்ணியில போவுமாடா? ஒன்னு தெரிஞ்சு பேசு, இல்ல பேசாத இரு."

இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்தார். புகை ஆகாது, பாரம் தூக்கக் கூடாது என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்து மறுநாளே பாதாம் கட்டையை டயருக்குள் நிறுத்தினார்கள். கெஞ்சினேன். கோபப்பட்டேன். கேட்கவில்லை.

அப்போதுதான் அதைச் செய்தேன். கோடாலியின் பிடி கொஞ்சம் ஆடியது. "ஒர்க்‌ஷாப்ல பாஷா பாய்கிட்ட குடுத்துப் புதுப் பிடி போட்டுட்டு வரேன்" என்று எடுத்துக்கொண்டு போய் என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். கோடாலி இல்லை என்றால் விறகு இல்லை. விறகு இல்லை என்றால் புகை இல்லை. அவ்வளவுதான் நான் யோசித்தது.

ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். வேலை ஜாஸ்தி என்றேன். மறுபடி கேட்டபோது பிடிக்கு நல்ல மரம் கிடைக்கவில்லை என்றேன். ஒரு மாதம் கழித்து என் கையில் ஒரு கொம்பைக் கொடுத்தார்கள். கொய்யாக் கிளை. வெட்டி, நிழலில் காயவைத்து, கத்தியால் வழவழவென்று சீவியிருந்தார்கள்.

"மரம் இல்லன்னியே. இந்தா."

அதையும் லாக்கரில் வைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அக்கா ஒர்க்‌ஷாப் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். நானும் கொல்லுப் பட்டறை பாஷா பாயும் வெளியே வந்துகொண்டிருந்தோம்.

"பாய், கோடாலி ஆச்சா?"

பாஷா பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும். "அகலே ஹஃப்தா அம்மா. அடுத்த வாரம்" என்றார்.

"ஹவ், சரி, பரவால்ல. உங்களுக்கும் வேலை இருக்குமில்ல."

லைனில் யாராவது ஏதாவது சொன்னால், "என் தம்பி சொல்லி வெச்சிருக்கான், வந்துடும்" என்பார்களாம். கடைசி வரை என்னை நம்பினார்கள்.

மழைக்காலம் வந்தது. இருமல் கூடியது. நான் வேலை முடிந்து வரும்போது வெந்நீர் இருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். சுள்ளி பொறுக்கி எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சுள்ளிதானே என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஒரு புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். அடுப்பில் முழுப் பாதாம் கட்டை. என் கை கனம். பிளக்காதது, பட்டையோடு, ஈரம். ஒரு முனை மட்டும் கரியாகி இருந்தது. பக்கத்தில் அதே மாதிரி நான்கு. பக்கத்தில் ஊதுகுழல்.

லட்சுமியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார்கள். "பிளக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே அண்ணா. முழுசாத் தள்ளிட்டு ரெண்டு மணி நேரம் குனிஞ்சு ஊதும். ஒரே பொகை. நான் எத்தனை வாட்டி சொன்னேன், வினலேது, கேக்கவே இல்ல. தம்பி வர்ற நேரம்னு சொல்லிச்சு."

பிளந்து காய்ந்த விறகு அதிகம் புகையாது. பிளக்காதது எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். இது அக்காவுக்குத் தெரியும். இரும்போடு முப்பது வருடம் இருந்த எனக்குத் தெரியவில்லை. புகையை நிறுத்தப் போனேன். இரண்டு பங்காக ஆக்கிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மாஸ்க்கைத் தள்ளிவிட்டுக் கேட்டார்கள். "கோடாலி வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா. நீ வந்து பாரு."

"பாய் நல்லாப் போட்டிருக்காரா?"

"நல்லாப் போட்டிருக்காரு."

"அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டார்கள். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட லட்சுமியம்மாவுக்கும், ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த உறவினர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பாஷா பாய் எனக்காக ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னார். அவர் மேல் குற்றம் இல்லை.

எப்படிப் போனார்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் மூச்சுத் திணறல் என்று மட்டும் சொல்லி வந்தேன். அது பாதிதான். மீதி இதில் இருக்கிறது. இதைப் படித்த பிறகு என் வீட்டுப் படி ஏறுவது உங்கள் விருப்பம். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அக்கா யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

தம்பி