மல்சுன் அக்காவின் முள்ளங்கி முத்திரை

வியாபாரிகள் சங்கத்தின் இந்த வருட விருது உங்களுக்குத்தான் என்று தலைவர் பியோ கடைக்கே வந்து சொன்னபோது, மல்சுன் கேட்ட முதல் கேள்வி, "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பா? பெருமை அக்கா! சந்தையே உங்களுக்கு நன்றி சொல்லுது."

"சந்தைக்கு வாயிருக்கா? யாரு சொன்னா, பேரச் சொல்லு."

பியோ மின்விசிறி விற்கிறவர். சிரித்துச் சிரித்தே குளிர்காலத்திலும் விற்றுவிடுவார். அந்தச் சிரிப்பு மாறாமல், "வர்றப்போ உங்க முத்திரைய எடுத்துட்டு வாங்க. வங்கியில பதிஞ்சு வச்சிருக்கீங்கல்ல, அது" என்றார். மல்சுனின் கையிலிருந்த நெத்திலி மறுபடி பெட்டிக்குள் விழுந்தது.

முத்திரை என்றால் அவர்கள் ஊரில் கையெழுத்து மாதிரி; பெயர் செதுக்கிய அந்தச் சின்னக் கட்டையை யார் ஒற்றினாலும் செல்லும். கல்யாணமான புதிதில் புருஷனின் அண்ணன் ஒரே ஒரு நாளைக்கென்று வாங்கிப்போனான். அந்த ஒரு நாளில் வீடு போனது. அன்றிலிருந்து அவள் எரிவாயு உருளையைக்கூடத் தானே எடை போட்டுத்தான் வாங்குவாள். முத்திரை இடுப்புப் பையை விட்டு இறங்கியதே இல்லை. குளிக்கும்போது பை கதவுக்கு உள்பக்கம் தொங்கும்.

இப்போது இன்னொரு விஷயமும் இருந்தது. சந்தைக்குப் புதுக் கூரை போட்டு முடித்தாயிற்று. அடுத்த மாதம் கடை இடங்களையெல்லாம் சீட்டுக் குலுக்கி மாற்றப்போகிறார்கள். கிழக்கு வாசல் முனையில் முப்பத்தொரு வருடமாக மல்சுன் கருவாடும் கடற்பாசியும் விற்கிறாள். பேருந்தை விட்டு இறங்குகிறவன் முதலில் அவள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அந்த முனைக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலையாதவர் யார்?

பக்கத்தில் அரிசிக் கேக் விற்கும் தல்லேயிடம் குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் விருது வாங்கின டோஃபுக்காரன் எங்கடி?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரு."

"அதுக்கு முந்தின வருஷம் வாங்கின செருப்புக்காரன்?"

"முழங்கால் வலின்னு கடைய மூடிட்டாரு அக்கா."

"ரெண்டு பேரு கையிலயும் கேடயத்தக் குடுத்தாங்க, ரெண்டு பேரு கடையும் போச்சு. எதுலயாவது முத்திரை குத்த வச்சுட்டுத்தான் கேடயம் குடுத்திருப்பானுங்க."

"உங்களுக்கு மாலை போட்டாக்கூட கழுத்த நெரிக்கிறாங்கன்னுதான் சொல்லுவீங்க."

மறுநாள் மத்தியானம், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், மல்சுன் இரண்டு முள்ளங்கி வாங்கி வந்து ஒன்றில் தன் பெயரைச் செதுக்கினாள். ஒற்றிப் பார்த்தால் பெயர் இடம் வலமாகத் திரும்பி நின்றது. அதைச் சூப்புப் பானைக்குள் போட்டுவிட்டு, இரண்டாவதில் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கினாள். இது அசல் மாதிரியே விழுந்தது, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் கசிந்ததைத் தவிர.

விழா நாளன்று சங்கத்து மாடியில் பன்றிக்கறி ஆவி பறந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பரிசாக ஆளுக்கொரு குளியல் துண்டு. மல்சுன் துண்டை விரித்து, மறைவாக ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். கேடயத்தைக் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். பிறகு பியோ ஒரு காகிதக் கட்டை நீட்டி, கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"இங்க ஒண்ணு போடுங்க அக்கா."

அவள் படிக்கவில்லை. பொய் முத்திரை போடப்போகிற காகிதத்தை எதற்குப் படிப்பது? முள்ளங்கியைக் கைக்குட்டைக்குள் மறைத்துப் பிடித்து, ஒரே குத்து.

பியோ ஒலிவாங்கியை எடுத்தார். "கிழக்கு முனைக் கடை மட்டும் குலுக்கல்ல வராது. பத்து வருஷத்துக்கு மல்சுன் அக்காவுக்கே குடுங்கன்னு சந்தையில நாப்பத்தேழு பேரும் முத்திரை போட்டு விண்ணப்பம் எழுதியிருக்கோம். நகராட்சிக்காரர் வந்திருக்காரு, இப்பவே வாங்கிட்டுப் போறாரு. வங்கியில பதிஞ்ச முத்திரையோட ஒத்துப் பாப்பாங்க, ஒத்துப்போனா முடிஞ்சுது."

நகராட்சிக்காரர் கட்டைத் தன் பையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மல்சுனுக்கு முகம் வெந்துபோனது. சும்மா இருந்தால் கடை போகும். வாயைத் திறந்தால் மானம் போகும்.

"நில்லுங்க! அந்தக் காகிதத்தக் குடுங்க. அது... முள்ளங்கி."

"என்னது?"

"முத்திரை முள்ளங்கி! நான்தான் செதுக்கினேன். போதுமா?"

மாடியே குலுங்கியது. மீன்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டார். பியோ மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை.

"எங்கள அவ்வளவு கேவலமாவா நெனச்சீங்க அக்கா?"

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன்யா செதுக்கப்போறேன்?"

"சொல்லியிருந்தா விடுவீங்களா? ஏன் முத்திரை போட்டீங்கன்னு நாப்பத்தேழு கடையிலயும் ஏறி விசாரிச்சிருப்பீங்க."

"இப்பவும் விசாரிப்பேன். ஏன் போட்டீங்க? என்ன வேணும் உங்களுக்கு?"

தல்லே எழுந்தாள். "உங்க சந்தேகந்தான் வேணும். போன பண்டிகை சீசன்ல பர்ஸ் அடிச்சவன யாரு பிடிச்சா? தராசுல காந்தம் வச்ச மொத்த வியாபாரிய யாரு விரட்டுனா? அந்த வாசல்ல உங்க முறைப்பத் தாண்டி ஒரு திருடன் உள்ள வர முடியுமா? நீங்க அங்க இருக்கீங்கன்னுதான் நாங்க கல்லாவத் திறந்து போட்டுட்டுச் சோறு திங்கிறோம்."

மல்சுன் நகராட்சிக்காரரிடமிருந்து காகிதக் கட்டை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து, அந்த ஆளை நிமிர்ந்து பார்த்து, அடுத்த பெயருக்குப் போனாள். கறி ஆறியது. நகராட்சிக்காரர் ஒரு காலில் செருப்போடு நின்றார். முப்பதாவது பெயருக்குமேல் அவளுக்கு எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை; கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாள்.

கடைசியில் இடுப்புப் பையைத் திறந்து அசல் முத்திரையை எடுத்தாள். கசிந்து கிடந்த கறைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, போதும், எடுங்க" என்றார் பியோ. "காகிதம் கிழிஞ்சிரப் போகுது."