கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

மைசூரில் ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும், கன்னடம் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரும் நர்ஸ்களிடம் சொல்வேன். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி." கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்று அர்த்தம். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்றாவதாக வருகிற ஆள் இதைச் சொல்வார். அது கேள்வி இல்லை, சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்திருப்பார். டெய்லர் ரவிக்கையை ஒரு வாரம் தள்ளிக் கொடுப்பார், கை இறுக்கமாக இருக்கும், அதற்கும் இதுதான் பதில். எங்கள் கேட்டை அடைத்துக் காரை நிறுத்திவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் வெற்றிலை மென்றபடியே இதைச் சொன்னார். வார்டில் அடுத்த டூட்டிக்காரி வரமாட்டாள் என்றால் மேட்ரனின் கை என் தோளில் வந்து விழும். அந்தக் கை விழுந்தாலே அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன மாதிரிதான்.

இதெல்லாம் போகட்டும். என் சித்தி மகள் கன்னம் வீங்கி வந்து நின்றபோது பெரியவர்கள் கூடி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "ஆம்பளைன்னா அப்படித்தான், நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். பஸ் சீட்டுக்கும் அதே சொல், வாங்கிய அடிக்கும் அதே சொல். வெள்ளைக்காரன் கடிகார முள்ளைத் திருப்புவதற்கோ எதற்கோ வைத்திருந்ததை நாம் வாங்கி எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போவான்.

இதைச் சொல்கிறவர் ஒருநாளும் நகர்வதில்லை. கேட்கிறவர்தான் நகர வேண்டும்.

அப்படி நகர்ந்து கொடுப்பதற்கென்றே பிறந்தவர் என் அப்பா. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரிசையில் அவசரம் என்று யார் வந்தாலும் முன்னால் விடுவார். மாதா கோயில் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து, பூசை முடியும்போது பாதி உடம்பு வெளியே தொங்கும். "ஏம்ப்பா, உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கத்தியிருக்கிறேன். "போகட்டும் விடும்மா" என்பார். அந்த விடும்மாவைக் கேட்டு அம்மாவும் கத்தியிருக்கிறாள். அம்மா போன பிறகு அந்த வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு இடது பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. அது தனக்கு வேண்டும் என்றார். அப்போதிருந்த கல்லறைக் கமிட்டிச் செயலாளர், "அதுக்கென்ன அங்கிள், அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்றார். எழுதி வாங்குங்கள் என்று நான் சொன்னேன். துக்க வீட்டில் வந்து நிற்கிற மனிதரிடம் எழுதிக் கேட்பதா என்று அப்பா கூசினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் அம்மாவைச் சுற்றிப் புல் பிடுங்குவார். அப்படியே பக்கத்தில் தன் இடத்திலும் பிடுங்கிவிட்டு வருவார்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் சில வாரம் முன்னால் புதிய செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நம் தமிழ் ஆள்தான். பிஸ்கட்டைக் காபியில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். அப்பாவின் இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீட்டாரின் குடும்பக் கல்லறை இருக்கிறது. அவர்கள் அதைக் கிரானைட்டில் அகலமாகக் கட்டப் போகிறார்களாம், சுற்றிலும் சங்கிலி போடுகிறார்களாம், இடம் போதவில்லையாம்.

"அங்கிளுக்கு பின்னாடி காம்பவுண்டு கிட்ட நல்ல இடமா குடுத்துடறோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"யாரும் சாகலையே அண்ணா, சங்கிலி போடறதுக்கா எங்கப்பா நகரணும்?" என்றேன்.

"அப்படி இல்ல சிஸ்டர். பேப்பர் ஏதாவது இருந்தா காட்டுங்க, பேசலாம்."

பேப்பர் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். காபியைக் கொடுத்த கையை நொந்துகொண்டேன். அப்பா வழக்கம்போலத் தலையாட்டப் போகிறார், ஆட்டியதும் இவர் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"பஸ்ல நகந்து குடுத்தா அவங்க ஸ்டாப் வந்ததும் இறங்கிப் போயிடுவாங்க. நான் மறுபடி காலை நீட்டிக்கலாம். இங்க வர்றவங்க எங்க தம்பி இறங்குவாங்க?"

செயலாளர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கமிட்டி முடிவு பண்ணினால் பண்ணினதுதான் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பா கல் செதுக்குகிறவரிடம் போனார். நானும் கூடப் போனேன். சிலுவை, அதற்குக் கீழே தன் பெயர், பிறந்த தேதி. இறந்த தேதி என்ன என்று அவர் கேட்டார். "அதை அப்புறம் போட்டுக்கலாம், இடம் மட்டும் விடுங்க" என்றார் அப்பா. அந்த மனிதர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

கல்லை நட்டதும் ஊர் வாய் திறந்துகொண்டது. உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது கல் வைப்பார்களா, மகளாவது எடுத்துச் சொல்ல வேண்டாமா, அபசகுனம் என்று பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் ஆன்ட்டிமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் இடத்தைப் பிடுங்கினால் அது அபசகுனம் இல்லை, மனிதர் தன் இடத்தில் பெயர் போட்டால் அபசகுனம். செயலாளர் போன் செய்தார். திருநாள் முடியட்டும், ஃபாதரிடம் சொல்லிக் கல்லை எடுக்க வைக்கிறேன் என்றார். அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

திருநாளன்று சாயங்காலம் லேசாக மழை பெய்து நின்றிருந்தது. அம்மாவுக்குச் செவ்வந்தி போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபடி வந்தார். செயலாளர் முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டே வந்தார். எங்கள் வரிசையில் நடைபாதை ஓர் ஆள் அகலம்தான். அப்பா தன் கல்லுக்குப் பக்கத்தில் பாதையை அடைத்தபடி நின்றார்.

"அங்கிள், சொல்ப அந்தப் பக்கம் ஜருகி, நகருங்க. ஃபாதர் போகணும்."

பழக்க தோஷத்தில் நானே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். கை வரவில்லை. இத்தனை கனமான மனிதர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் இங்கதான் இருப்பேன்" என்றார் அப்பா, செயலாளரிடம் இல்லை, ஃபாதரிடம்.

ஃபாதர் கல்லில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் இறங்கிச் சுற்றி வந்து அம்மாவின் கல்லில் தெளித்தார், அப்பாவின் கல்லிலும் தெளித்தார். அப்பா சட்டையிலும் கொஞ்சம் விழுந்தது. மந்திரித்த கல்லைப் பிடுங்க எந்தக் கமிட்டிக்கும் கை வராது. செயலாளருக்கு அது தெரியும். அவர் அடுத்த வரிசைக்குப் போய்க் கூட்டத்தை விலக்க ஆரம்பித்தார்.