பெரியாயாவின் குரல் கேட்காத பத்து நாள்

நான்கு வருடங்களுக்கு முன், பூந்தமல்லி பக்கம் நூம்பலில் நாங்கள் ஃபிளாட் வாங்கிக் குடிபோன புதிதில் நடந்தது இது. என் அம்மாவின் பாட்டி, எங்கள் பெரியாயா, அப்போது எங்களோடு இருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார்.

செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் நாற்று நட்டவர். முப்பது வயதுக்குள் கணவரைப் பறிகொடுத்து, நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சபையில் வேதாகமத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகினார். புரட்டிப் புரட்டி நைந்துபோன அந்தப் புத்தகத்துக்கு மூன்று முறை அட்டை மாற்றியாகிவிட்டது.

தினமும் காலை ஐந்து மணிக்கு பால்கனி ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். காது மந்தம் என்பதால் குரல் பக்கத்து பிளாக் வரை போகும்.

ஒருநாள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், விடியற்காலையில் சத்தம் கேட்பதாகப் புகார் வந்திருக்கிறது என்று செயலாளர் போட்டிருந்தார். எனக்கு ஒரே அவமானம். கீழ்வீட்டு அம்மாதான் சொல்லியிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். படிக்கட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

"ஆயா, இனிமே மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணு. எல்லாரும் கம்ப்ளெயின்ட் பண்றாங்க" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"சரி கண்ணு. ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கேக்கல" என்று சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் உதடு மட்டும்தான் அசைந்தது.

பத்து நாள் கழித்து காலிங்பெல் அடித்தது. கீழ்வீட்டு அம்மா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பாட்டிக்கு உடம்பு சரியில்லையா? பத்து நாளா சத்தமே காணோம். மனசு கேக்கல, வந்துட்டேன்" என்றார்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவரே சொன்னார். அவர் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இப்போது ஏழாம் மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எங்க சாமி வேற. ஆனா பாட்டி தினம் என் பொண்ணு பேரைச் சொல்லி வேண்டிக்குவாங்க. ஜன்னல்கிட்ட நின்னு அதைக் கேட்டுட்டுதான் நான் அடுப்பையே பத்த வைப்பேன்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஆயாவிடம் போய்க் கேட்டேன்.

"அந்தம்மா ஒருநா கீழ பெஞ்சாண்ட குந்திகினு அயுதுகினு இருந்துச்சி. இன்னாம்மான்னு கேட்டேன். பொண்ணு பேர வாங்கிகினேன். அவ்ளோதான் கண்ணு."

அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கீழ்வீட்டு அம்மாவிடமும் நான் நினைத்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். புகார் செய்தவர் எதிர் பிளாக்கில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் வந்து ஆறு மணி வரை தூங்குகிறவராம். அதனால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஜெபத்தை ஆறரைக்கு மாற்றினோம்.

அதன்பிறகுதான் நானும் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். வாட்ச்மேனின் முட்டிவலி, குப்பை எடுக்க வரும் பெண்ணின் மகன் படிப்பு என்று வரிசையாகப் போகும். நடுவில், "எங்க ஊட்டுப் பொண்ணுக்குக் கோவம் கொறையணும் ஆண்டவரே" என்று எனக்கான வேண்டுதலும் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் நேராக மேலே வந்து ஆயாவின் மடியில்தான் முதலில் கிடத்தினார்கள். அடுத்த வருடம் ஆயா போய்ச் சேர்ந்தார். பூந்தமல்லி கல்லறைத் தோட்டத்தில் எங்கள் உறவினர்களுக்கும் முன்னால், முதல் வரிசையில் அந்த அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பிறந்ததிலிருந்து ஆயாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவர் யார் என்று காட்டிக் கொடுத்தவர், நான் முகம் திருப்பிக்கொண்டு போன அந்தக் கீழ்வீட்டு அம்மாதான். அந்த நன்றி இன்றும் என் மனதில் அப்படியே இருக்கிறது.