மோட்டார் அறைக்குள் வந்த வெளிச்சம்

எங்கள் சித்தப்பா பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர். ஆலங்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அவர் நட்டிருந்த ஆன்டெனாவில் அம்மா துணி காயப்போடக் கூடாது என்பதைத் தவிர, அந்த லைசென்ஸால் குடும்பத்துக்கு என்ன பயன் என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை.

கீரமங்கலம் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு மோட்டார் அறையிலிருந்து யாரோ செம்பு ஒயரைத் திருடிக்கொண்டு போன பிறகுதான் அவருக்கு மரியாதை வந்தது. அங்கே போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் சித்தப்பா உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பேட்டரியோடு வைத்து, அறையின் சுவரில் மாட்டினார். அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை அது ஓர் எண்ணாக்கி, எழுத்து எழுத்தாக ஒயர் வழியே ஒரு மோடத்துக்குத் தள்ளும். மோடம் அதைக் கீச்சுச் சத்தமாக்கும். அந்தச் சத்தத்தை வாக்கி டாக்கி காற்றில் அனுப்பும். எங்கள் வீட்டு லேப்டாப்பில் அது மறுபடி ஒரு வரியாக வந்து விழும். அந்த வரிக்குப் பாக்கெட் என்று பெயர். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, பால்காரரை விசாரிப்பதுபோல, இன்றைக்குப் பாக்கெட் வந்ததா என்று கேட்பார்.

அது ஜன்னல் இல்லாத அறை. கதவு சாத்தியிருந்தால் எண் பத்தைத் தாண்டாது. திறந்தால் இருநூறைத் தொடும். லீவு நாட்களில் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, எண் ஏறியதும் பெரியப்பா கதவைத் திறந்துவிட்டதாகக் கத்துவேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மோட்டாரை நிறுத்திவிட்டு அவர் சாப்பிட வரப்போகிறார் என்று பெரியம்மா உலை வைப்பதே அந்தக் கத்தலைக் கேட்டுத்தான்.

புயல் வருகிறது என்று டிவியில் சொன்ன நாள், தோப்பில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருவதாகப் பெரியப்பா போனார். திரும்புவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. எங்கோ மேட்டில் ஏறி நின்று, மோட்டார் அறையிலேயே தங்கிக்கொள்வதாகப் போனில் சொன்னார். அதற்கப்புறம் போனும் இல்லை, கரண்டும் இல்லை.

விடிந்தபோது எங்கள் தெருவில் நடக்க வழியில்லை. மாடியில் ஆன்டெனா சாய்ந்து கிடந்தது. சித்தப்பா அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். ரேடியோவைக் கார் பேட்டரியில் இணைத்தார். பெரியம்மா மாடிப்படியில் உட்கார்ந்து ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. லேப்டாப்பில் வரி விழுந்தது. வெளிச்ச எண் ஆயிரத்தை ஒட்டி இருந்தது. நான் அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததே இல்லை.

"பெரியம்மா, பெரியப்பா கதவத் தொறந்துட்டாங்க!"

பெரியம்மா கைகூப்பிக்கொண்டு அழுதார். அம்மா ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். சித்தப்பா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பாக்கெட்டும் வந்தது. அதிலும் அதே எண்தான். அவர் அப்பாவை மாடியின் மூலைக்குக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். அப்பா உடனே ரம்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடக் கீழே இறங்கினார்.

"ஒரு போர்வையும் எடுத்துக்கிருங்கண்ணே" என்றார் சித்தப்பா.

பெரியப்பா மழையில் நனைந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சோறு வெந்ததும் சித்தப்பா தானே பெரியம்மா முன்னால் தட்டை வைத்தார்.

"அண்ணி, மொதல்ல நீங்க சாப்புடுங்க."

"அவுக வந்துரட்டும் தம்பி. சேந்து சாப்புட்டுக்கிறோம்."

"மரத்த அறுத்து வழி பண்ணி வரப் பொழுது ஆயிரும். நீங்க சாப்புடுங்க அண்ணி."

பெரியம்மா முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பட்டினி. நிம்மதி வந்ததில் பசியும் வந்திருக்க வேண்டும். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். நடுவில், இன்னும் பாக்கெட் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றார் சித்தப்பா. அது பொய்யில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். தென்னை ஒன்று வேரோடு சாய்ந்து அறையின் மேல் விழுந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. மூன்று சுவர்கள் அப்படியே நின்றன. டப்பா மாட்டியிருந்த சுவர் அதில் ஒன்று. கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்ததாம். அந்தக் கதவைக் கழற்றி அதன் மேல்தான் பெரியப்பாவைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். போர்வை அவர் முகம் வரை மூடியிருந்தது.

பெரியம்மா அதற்குப் பிறகு பல நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. உறவுக்காரர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. எனக்கோ சித்தப்பா மேல் கோபம். பெரியப்பா செத்துக் கிடந்த வேளையில் பெரியம்மாவை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னவர் அவர்தானே என்று அவரோடு பேசாமல் இருந்தேன். சித்தப்பா ஏன் என்று கேட்கவில்லை, எதுவும் விளக்கவும் இல்லை.

ஒரு கதவு வழியாக அவ்வளவு வெளிச்சம் வராது, கூரை போனால்தான் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அது தெரிந்த ஒருவர், முகத்தில் எதையும் காட்டாமல் எதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சோறு போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது.